பால்டிக் எல்லையில் நேட்டோ படைகள்: எண்ணிக்கையா, எட்டும் தூரமா?

வடமீன் (இழையைத் தொடங்கியவர்)

2025 மே 22 அன்று லித்துவேனியாவின் தலைநகர் வில்னியஸில் ஜெர்மனியின் 45ஆவது கவசப் படையணி முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. 2027ஆம் ஆண்டுக்குள் சுமார் 4,800 படைவீரர்களும் 200 குடிமைப் பணியாளர்களும் அங்கே நிலையாகத் தங்குவார்கள் என்பது திட்டம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி ஒரு முழுப் படையணியை வேற்று நாட்டில் நிரந்தரமாக நிறுத்துவது இதுவே முதல் முறை. வில்னியஸிலிருந்து பெலாரூஸ் எல்லை ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். பெலாரூஸோ ரஷ்யாவின் மிக நெருங்கிய கூட்டாளி.

இது பற்றிப் படிக்கும்போதெல்லாம் இரண்டு வாதங்கள் எதிர்ப்படுகின்றன. இத்தனை சிறிய படையால் ரஷ்யாவைப் போன்ற ஒரு நாட்டின் படையெடுப்பை நிறுத்த முடியாது என்கிறது ஒன்று. இந்தப் படைகள் ரஷ்யாவை மிரட்டிச் சீண்டுகின்றன என்கிறது மற்றொன்று. பல நேரங்களில் ஒரே கட்டுரையாளரே இரண்டையும் எழுதுகிறார். தடுக்கவே போதாத ஒரு படை, அச்சுறுத்துவதற்கு மட்டும் எப்படிப் போதுமானதாகிறது? இந்த இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும், அல்லது நான் கவனிக்காத ஏதோ ஒன்று நடுவில் இருக்க வேண்டும். விவரம் அறிந்த நண்பர்கள் எழுதினால் நன்றாக இருக்கும். உக்ரைன் போரில் யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்திற்கு வேறு இழைகள் உள்ளன. இங்கே எல்லையோரப் படைகளைப் பற்றி மட்டும் பேசலாம்.

எல்லைக்கல்

"தடுக்கப் போதாது" என்பது 2016ஆம் ஆண்டின் நிலவரத்தைப் பற்றிய பேச்சு. அதிலிருந்து தொடங்கினால்தான் இன்றைய படையணி எதற்கு என்பது விளங்கும்.

2014இல் ரஷ்யா கிரிமியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட பின், 2016 ஜூலையில் வார்சாவில் கூடிய நேட்டோ உச்சி மாநாடு நான்கு போர்க்குழுக்களை நிறுத்த முடிவு செய்தது. எஸ்தோனியாவின் தாப்பாவில் பிரிட்டன், லாத்வியாவின் ஆதாஜியில் கனடா, லித்துவேனியாவின் ருக்லாவில் ஜெர்மனி, போலந்தின் வடகிழக்கில் அமெரிக்கா என்று தலைமைப் பொறுப்பு பிரிக்கப்பட்டது. 2017இல் அவை களத்திற்கு வந்தன. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துச் சொச்சம் பேர். அந்தப் படைகள் ஒரு போரை வெல்வதற்காக நிறுத்தப்பட்டவை அல்ல; அப்படி யாரும் சொல்லவும் இல்லை. எல்லையைக் கடக்கும் எவரும் முதல் நாளிலேயே பிரிட்டிஷ், கனடிய, ஜெர்மானிய, அமெரிக்க வீரர்களைக் கொன்றாக வேண்டும் என்ற நிலையை உருவாக்கி, "எங்கோ ஒரு சிறு நாட்டுக்காக நாம் ஏன் போரிட வேண்டும்" என்ற கேள்வி அந்தத் தலைநகரங்களில் எழுவதற்கே இடமில்லாமல் செய்வதுதான் நோக்கம். இடறுகம்பி என்று இதைச் சொல்வார்கள்.

இதன் குறை அப்போதே தெரிந்திருந்தது. 2016இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரேண்ட் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஒரு போர் ஒத்திகை அறிக்கை, ரஷ்யப் படைகள் அதிகபட்சம் 60 மணி நேரத்தில் எஸ்தோனியத் தலைநகர் தாலின், லாத்வியத் தலைநகர் ரீகா ஆகியவற்றின் விளிம்பை எட்டிவிடும் என்று கணித்தது. அந்த எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள் அதே அறிக்கையின் அடுத்த வரியை விட்டுவிடுகிறார்கள். மூன்று கனரகக் கவசப் படையணிகள் உட்பட ஏறத்தாழ ஏழு படையணிகள், போதிய வான்படை ஆதரவுடன், உரிய நேரத்தில் களத்தில் இருந்தால் அந்த வேகமான வீழ்ச்சியைத் தவிர்க்கலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

பிறகு 2022 வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் எஸ்தோனியப் பிரதமராக இருந்த காயா காலாஸ், நேட்டோவின் அப்போதைய திட்டப்படி தன் நாடு முதலில் கைப்பற்றப்பட்டு 180 நாட்களுக்குப் பிறகே மீட்கப்படும் என்றும், அதற்குள் மீட்பதற்கு நாடே மிஞ்சியிருக்காது என்றும் வெளிப்படையாகச் சொன்னார். உக்ரைனின் புச்சா நகரில் சில வாரங்கள் நீடித்த ரஷ்ய ஆக்கிரமிப்பு என்ன விட்டுச்சென்றது என்பதை எல்லோரும் பார்த்த பிறகு, "இழந்துவிட்டுப் பின்னர் மீட்போம்" என்பதை எந்த அரசும் தன் மக்களிடம் சொல்ல முடியாது. அதே மாத இறுதியில் நேட்டோவின் மாட்ரிட் மாநாடு, தேவைப்படும் இடங்களில் போர்க்குழுக்களைப் படையணி அளவுக்கு உயர்த்தலாம் என்று முடிவெடுத்தது. பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளிலும் புதிய போர்க்குழுக்கள் வந்தன. ஆகவே வில்னியஸில் நீங்கள் பார்ப்பது பழைய இடறுகம்பியை அன்று. முதல் நாளிலேயே நிலத்தைக் காப்பதற்கான ஏற்பாட்டின் தொடக்கம் அது.

தராசு

நண்பர் எல்லைக்கல் எழுதியதில் தகவல் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் முழு வரலாறும் எல்லையின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. மறுபக்கத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்க்கும் ஒரு தளபதிக்கு என்ன தெரியும்?

1997 மே 27 அன்று பாரிஸில் நேட்டோவும் ரஷ்யாவும் ஓர் அடிப்படை ஆவணத்தில் கையெழுத்திட்டன. கணிசமான போர்ப்படைகளைக் கூடுதலாக நிரந்தரமாக நிறுத்தாமல், தேவையானபோது வலுவூட்டும் திறனைக் கொண்டே தன் கடமையைச் செய்வதாக நேட்டோ அதில் கூறியது. 1999இல் போலந்து, செக், ஹங்கேரி சேர்ந்தன. 2004இல் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா என்ற பால்டிக் நாடுகள் மூன்றும் உட்பட ஏழு நாடுகள் சேர்ந்தன. உடனே லித்துவேனியாவின் ஷாவ்லேய் தளத்திற்கு நான்கு போர் விமானங்கள் வந்தன. 2017இல் போர்க்குழுக்கள். அவை "சுழற்சி முறையில்" வருவதால் நிரந்தரம் அல்ல என்று விளக்கம் தரப்பட்டது. ஆறு மாதத்திற்கு ஒரு முறை ஆட்கள் மாறினாலும் முகாம் அங்கேயே இருக்கிறது என்பது அந்தத் தளபதிக்குத் தெரியாதா? இப்போது அந்த விளக்கமும் கைவிடப்பட்டு, குடும்பத்தோடு குடியேறும் படையணி வந்துவிட்டது. ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் சிறியது, தற்காப்புக்கானது. இருபது ஆண்டுப் படிகளைச் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஏணி தெரிகிறது.

இதற்கிடையில் ருமேனியாவின் தேவெசேலுவில் 2016 முதல் ஏவுகணை எதிர்ப்புத் தளம் ஒன்று இயங்குகிறது. அங்கே இருப்பவை இடைமறிப்பு ஏவுகணைகள் மட்டுமே என்கிறது நேட்டோ. அதே வகை ஏவுகுழாய்கள் அமெரிக்கப் போர்க்கப்பல்களில் நீண்ட தூரம் சென்று தாக்கும் டோமஹாக் ஏவுகணைகளையும் ஏவுகின்றனவே என்று கேட்கிறது மாஸ்கோ. எதிரியின் எண்ணத்தை நம்பித் திட்டமிட எந்த ராணுவத்திற்கும் பழக்கம் கிடையாது. அவனால் என்ன இயலும் என்பதை வைத்துத்தான் திட்டமிடுவார்கள். 2021 டிசம்பரில் ரஷ்யா முன்வைத்த ஒப்பந்த வரைவில், 1997 மே 27க்குப் பிறகு வந்த படைகளை எல்லாம் திருப்பி அழைக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததை மறந்துவிடக் கூடாது. அந்தக் கோரிக்கை ஏற்கத்தக்கது என்று நான் சொல்லவில்லை. அது திடீரென்று முளைத்ததும் அல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

எல்லைக்கல்

ஏணி என்று சொன்னீர்கள். அதன் ஒவ்வொரு படிக்கும் எதிரே இருக்கும் ஆண்டையும் எழுதியிருக்கலாம். 2004 முதல் 2014 வரையிலான பத்தாண்டுகளில் பால்டிக் நாடுகளில் நேட்டோவின் போர்ப்படை என்று சொல்லத்தக்க எதுவும் தரையில் இல்லை. வானில் அந்த நான்கு விமானங்கள்தாம். 2008இல் ஜார்ஜியா மீது ரஷ்யா படையெடுத்த பிறகும் அந்த நிலை மாறவில்லை. கிரிமியாவுக்குப் பிறகே போர்க்குழுக்கள், 2022க்குப் பிறகே படையணிகள்.

1997 ஆவணத்தில் நேட்டோ தந்த உறுதி "இன்றைய, முன்னறியக்கூடிய பாதுகாப்புச் சூழலில்" என்ற சொற்களோடுதான் தொடங்குகிறது. அதே பத்தியில், ஐரோப்பாவில் தன் மரபுவழிப் (அணு ஆயுதம் சாராத) படைகளை நிறுத்துவதில் ரஷ்யாவும் அதே அளவு கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கும் என்ற உறுதியும் இருக்கிறது. ஒரு பத்தியின் பாதியை மட்டும் படித்து வழக்குத் தொடுக்க முடியாது.

இன்னொன்று. நேட்டோ படைகள் எல்லைக்கு அருகில் வந்தால் ரஷ்யாவுக்கு உயிர்ப்பயம் என்றால், 2023 ஏப்ரல் 4 அன்று பின்லாந்து சேர்ந்தபோது என்ன நடந்திருக்க வேண்டும்? நேட்டோவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான தரை எல்லை ஒரே நாளில் சுமார் 1,340 கிலோமீட்டர் நீண்டது. ஆனால் அந்த எல்லைக்கு அப்பால் இருந்த ரஷ்யத் தரைப்படைகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே உக்ரைனுக்கு அனுப்பப்பட்டுவிட்டதாகவும், உடனே திரும்பவில்லை என்றும் பின்லாந்து அதிகாரிகளே கூறிவந்தார்கள். 2024 மார்ச்சில், பின்லாந்து எல்லையை ஒட்டிய லெனின்கிராட் ராணுவ மாவட்டம் மீண்டும் உருவாக்கப்பட்டது உண்மை. புதிய முகாம்கள் கட்டப்படுகின்றன என்பதும் உண்மை. ஆயினும் படையெடுப்பு வரும் என்று உண்மையாகவே அஞ்சும் ஒரு நாடு அந்த வாசலைக் காலியாக விட்டுவிட்டு வேறு திசையில் போர் நடத்தாது.

கேள்விக்குறி

எனக்கு ஒரு சிறிய ஐயம். படை எல்லையோரத்திலேயே இருந்தாக வேண்டுமா? ஆயுதங்களைச் சற்றுப் பின்னால் சேமித்து வைத்து, நெருக்கடி வரும்போது ஆட்களை அனுப்பினால் இரு தரப்புக்கும் அச்சம் குறையாதா?

கடற்காகம்

நண்பர் கேள்விக்குறிக்கான பதிலுக்குப் பிறகு வருகிறேன்; முதலில் வடமீன் போட்ட புதிர். எண்ணிக்கையை வைத்து அச்சத்தை அளப்பதால் வரும் சிக்கல் அது என்று எனக்குத் தோன்றுகிறது. பனிப்போரிலிருந்து இரண்டு இடங்களை எடுத்துக்கொள்வோம்.

மேற்கு பெர்லினில் அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு வீரர்கள் ஏறத்தாழ 12,000 பேர் இருந்தார்கள். கிழக்கு ஜெர்மனியின் நடுவே, நாற்புறமும் சோவியத் டிவிஷன்கள் சூழ, 1994 செப்டம்பர் வரை இருந்தார்கள். போட்டி நாட்டின் எல்லைக்கு அருகில் என்ன, அதன் அரண்களுக்கு உள்ளேயே இருந்த படை அது. அந்த நகரத்தைக் குறித்து எத்தனையோ நெருக்கடிகள் வந்தன; ஆனால் அந்தப் பன்னிரண்டாயிரம் பேர் புறப்பட்டு வார்சாவை நோக்கிச் செல்வார்கள் என்று கிரெம்ளினில் யாரும் அஞ்சியதில்லை. அவர்களால் அது முடியாது என்பது இரு தரப்புக்கும் தெரியும். அதே சமயம் அவர்கள் மீது கை வைத்தால் மூன்று அணு ஆயுத நாடுகளோடு மோத வேண்டிவரும் என்பதும் தெரியும்.

இப்போது துருக்கி. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா அங்கே 15 ஜூபிடர் ஏவுகணைகளை நிறுத்தியது; இத்தாலியில் 30. பெர்லினோடு ஒப்பிட்டால் இவற்றைக் கையாண்டவர்கள் கைப்பிடி அளவு ஆட்கள். ஆனால் 2,400 கிலோமீட்டர் வரை பாயும் அணு ஏவுகணைகள் அவை. திறந்த வெளியில், உறுதியான அரண் எதுவுமின்றி நின்றதால், முதல் அடி விழுந்தால் அவை பிழைக்காது. ஆகவே முதலில் ஏவினால் மட்டுமே அவற்றால் பயன். எதிரிக்கு இதைவிட அச்சம் தரும் படைநிறுத்தம் வேறு இல்லை. சோவியத் தலைவர் குருஷேவ் கியூபாவுக்கு ஏவுகணைகளை அனுப்பியதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் இதுவும் ஒன்று. 1962 அக்டோபர் நெருக்கடி முடிந்தபோது, ஜூபிடர்களை அகற்றுவதாக கென்னடி தரப்பு இரகசியமாக உறுதி தந்து, 1963 ஏப்ரலுக்குள் அவற்றை எடுத்தும்விட்டது. அந்தப் பேரத்தில் பெர்லின் படையை எடுப்பது இடம்பெறவில்லை.

1983இல் இதே பாடம் மீண்டும் வந்தது. சோவியத் யூனியனின் எஸ்எஸ்-20 இடைத்தூர அணு ஏவுகணைகளுக்குப் பதிலடியாக மேற்கு ஜெர்மனிக்கு அமெரிக்காவின் 108 பெர்ஷிங்-2 அணு ஏவுகணைகள் வரத் தொடங்கின. அங்கே ஏற்கெனவே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இருந்தார்கள். அவர்களோடு மாஸ்கோ பல பத்தாண்டுகள் வாழ்ந்து பழகியிருந்தது. நூற்றெட்டு ஏவுகணைகளோடு வாழ முடியவில்லை. காரணம், ஏவப்பட்ட சில நிமிடங்களில் அவை இலக்கை எட்டிவிடும். அதற்குள் உண்மையா பொய்யா என்று முடிவெடுக்கத் தலைமைக்கு நேரம் இருக்காது. அந்த நவம்பரில் நேட்டோ நடத்திய 'ஏபிள் ஆர்ச்சர்' பயிற்சியை மாஸ்கோவில் ஒரு பகுதியினர் உண்மையான தாக்குதலின் முன்னேற்பாடோ என்று ஐயுற்றது இந்தப் பின்னணியில்தான். 1987 டிசம்பரில் கையெழுத்தான இடைத்தூர ஏவுகணை உடன்படிக்கையின்படி இரு தரப்பும் சேர்ந்து 2,692 ஏவுகணைகளை அழித்தன. படைவீரர்களைக் குறைப்பது பற்றிய பேச்சு வியன்னாவில் 1973 முதல் பதினைந்து ஆண்டுகள் நடந்தும் பயன் இல்லாமல் முடிந்தது.

ஆகவே வடமீன் அவர்களின் புதிருக்கு என் பதில் இது. எல்லையருகே நிற்கும் ஒரு காலாட்படையோ கவசப்படையோ போரைத் தடுக்க உதவும். ஆனால் தானாக முன்னேறித் தாக்க அதற்கு எரிபொருள், பாலம் அமைக்கும் கருவிகள், வான் பாதுகாப்பு, பின்னால் இருந்து ஓயாமல் வரும் வெடிபொருள் எல்லாம் வேண்டும். அவை குவிவது வாரக்கணக்கில் வெளியே தெரியும். அதனால் தடுப்பதற்கு ஓரளவு போதும், தாக்குவதற்குப் போதாது என்ற நிலை சாத்தியம். எதிரிக்கு முடிவெடுக்கும் நேரத்தைப் பறிக்கும் ஆயுதம் இதற்கு நேர் எதிர். இரண்டையும் "எல்லையருகே படைக்குவிப்பு" என்ற ஒரே தலைப்பில் எழுதுவதால்தான் குழப்பம்.

தராசு

தெளிவான வேறுபாடு, ஆனால் இன்றைய களத்தில் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. எஸ்தோனியாவுக்கு 2025இல் ஆறு ஹைமார்ஸ் (அமெரிக்கத் தயாரிப்பு) ஏவுகலங்கள் வந்து சேர்ந்தன; அந்த வகைக் கலங்கள் 300 கிலோமீட்டர் பாயும் ஏவுகணைகளையும் ஏவக்கூடியவை. எஸ்தோனியாவின் எல்லை நகரான நார்வாவிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சுமார் 150 கிலோமீட்டர்தான். ஒரு நவீனப் படையணி வெறும் டாங்குகளோடு வருவதில்லை. நீண்ட தூரப் பீரங்கிகள், ட்ரோன்கள், மின்னணுப் போர்க்கருவிகள் எல்லாம் அதைச் சுற்றி வருகின்றன. பெர்லின் படைக்கும் ஜூபிடருக்கும் இடையில் இருந்த தூரம் இப்போது ஒரே முகாமுக்குள் சுருங்கிவிட்டது.

எல்லைக்கல்

அதே அளவுகோலை மறுபக்கமும் வையுங்கள். போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் நடுவில் இருக்கும் ரஷ்யப் பகுதியான கலினின்கிராட்டில் ரஷ்யாவின் இஸ்கந்தர் ஏவுகணைகள் 2018 முதல் நிற்கின்றன. வார்சா அவை எட்டும் தூரத்துக்குள் வருகிறது. 2023இல் பெலாரூஸுக்குக் குறுகிய தூர அணு ஆயுதங்களை அனுப்புவதாகப் புதின் அறிவித்தார். ஹைமார்ஸ் வந்தது இவற்றுக்கெல்லாம் பின்னால்.

கடற்காகம்

நண்பர் கேள்விக்குறியின் வினாவுக்கு வருகிறேன். அவர் கேட்டதை நார்வே செய்து காட்டியிருக்கிறது; ஏனோ இந்த விவாதங்களில் அது அதிகம் பேசப்படுவதில்லை.

நேட்டோ தொடங்கிய 1949இலேயே, சோவியத் யூனியனோடு தரை எல்லை கொண்ட நார்வே ஒரு தன்னுறுதியைத் தந்தது: தாக்கப்பட்டாலோ தாக்குதல் அச்சுறுத்தல் வந்தாலோ ஒழிய, அமைதிக் காலத்தில் தன் மண்ணில் வெளிநாட்டுப் படைகளுக்குத் தளம் தராது. சோவியத் எல்லையை ஒட்டிய ஃபின்மார்க் பகுதியில் கூட்டணியின் பெரிய பயிற்சிகளை அனுமதிக்கவில்லை. கிழக்குத் தீர்க்கரேகை 24 பாகைக்கு அப்பால் நேச நாட்டு ராணுவ விமானங்கள் பறப்பதையும் கட்டுப்படுத்தியது. 1981இல் அமெரிக்கக் கடற்படைத் தரைப்பிரிவின் ஆயுதங்களை முன்கூட்டியே சேமித்து வைக்க ஒப்புக்கொண்டபோதும், வடக்கு எல்லையருகே வைக்காமல் நாட்டின் நடுப்பகுதியான துரொண்டலாக்கில் மலைக்குகைகளில் வைத்தது. கூட்டணியின் முழு உறுப்பு நாடு அது. கோலா தீபகற்பத்தில் இருந்த சோவியத் வடக்குக் கடற்படையின் அணுநீர்மூழ்கிகளுக்கு மிக அருகில் இருந்த நாடு அது. நாற்பது ஆண்டுகள் அந்த எல்லை அமைதியாக இருந்தது.

இதை ஒரு பலவீனமான நாட்டின் பணிவு என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த உறுதியில் "தாக்குதல் அச்சுறுத்தல் வந்தாலோ" என்ற விலக்கு இருக்கிறது. அச்சுறுத்தல் வந்துவிட்டது என்று முடிவு செய்யும் உரிமை ஒஸ்லோவிடமே இருந்தது. அதாவது, "நீ நெருக்கினால் நானும் கதவைத் திறப்பேன்" என்று மாஸ்கோவுக்கு ஒரு செலவுக் கணக்கை வைத்தார்கள். ஏற்கெனவே முழுப் படையையும் நிறுத்திவிட்ட நாட்டிடம் இப்படிப் பேரம் பேச மிச்சம் எதுவும் இருப்பதில்லை. பின்னாட்களில் இந்தக் கொள்கை தளர்ந்துவிட்டது. 2017இல் அமெரிக்க வீரர்கள் சுழற்சி முறையில் வர்னெஸ் தளத்திற்கு வந்தார்கள், 2021இல் விரிவான பாதுகாப்பு ஒப்பந்தமும் கையெழுத்தானது.

எல்லைக்கல்

நார்வேயின் முறை எனக்கும் பிடித்தமானதே. ஆனால் அது நிலப்பரப்பு தந்த வசதி. ஃபின்மார்க்கில் ஐந்நூறு கிலோமீட்டர் பின்வாங்கினாலும் நாடு இருக்கும். நடுவில் மலையும் பனியும் இருக்கும். வில்னியஸிலிருந்து முப்பது கிலோமீட்டர் என்று வடமீன் முதல் பதிவிலேயே எழுதிவிட்டார். பின்வாங்க அங்கே இடம் இல்லை.

வலுவூட்டலை மட்டுமே நம்புவதில் இன்னும் இரண்டு சிக்கல்கள். பால்டிக் நாடுகளுக்குத் தரைவழியாகச் செல்ல ஒரே பாதை, கலினின்கிராட்டுக்கும் பெலாரூஸுக்கும் இடையில் உள்ள சுவாவ்கி இடைவெளி. நேர்க்கோட்டில் சுமார் 65 கிலோமீட்டர். அதன் வழியே செல்வது விரல்விட்டு எண்ணக்கூடிய சாலைகள். அடுத்தது ரயில். போலந்து வரை தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். பால்டிக் நாடுகளில் பழைய ரஷ்யப் பேரரசின் வழிவந்த அகலம், இன்று 1,520 மில்லிமீட்டர். ஜெர்மனியிலிருந்து டாங்குகளை ஏற்றிவரும் ரயில் லித்துவேனியாவுக்குள் சற்றுத் தூரம் வந்ததும் நின்றாக வேண்டும். சரக்கை வேறு ரயிலுக்கு மாற்றியாக வேண்டும். ஐரோப்பிய அகலத்தில் போடப்படும் 'ரயில் பால்டிகா' பாதை முடிந்தால் இது தீரும், இன்னும் முடியவில்லை. போர் மூளும் அறிகுறி தெரிந்த பிறகு புறப்படும் படை, சரக்கு மாற்றும் நிலையத்தில் வரிசையில் நிற்கும். தளபதிகள் உட்கார்ந்து விவாதிக்கும் பெரிய உத்திகளைவிட இந்த 85 மில்லிமீட்டர் வேறுபாடு அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

வடமீன்

மிக்க நன்றி. இந்த இடத்தில் எனக்கு வேறொரு கேள்வி. நேட்டோ உடன்படிக்கையின் 5ஆம் பிரிவை எடுத்துப் படித்தேன். ஒரு நாடு தாக்கப்பட்டால் எல்லோரும் போரிட வேண்டும் என்று அதில் இருக்கும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், ஆயுதப்படையைப் பயன்படுத்துவது உட்பட, தான் தேவையென்று கருதும் நடவடிக்கையை ஒவ்வொரு நாடும் எடுக்கும் என்றுதான் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் ஒரே ஒரு முறைதான் அது நடைமுறைக்கு வந்தது. அப்படியானால் லாத்வியாவில் இருக்கும் நேட்டோ படையில் பத்துக்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் இருப்பது பலமா, பலவீனமா? நெருக்கடி நேரத்தில் பத்துத் தலைநகரங்களிலிருந்து உத்தரவு வர வேண்டுமே?

எல்லைக்கல்

அரசியலுக்குப் பலம், களத்துக்குச் சுமை. வானொலிக் கருவி முதல் உதிரி பாகம் வரை ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு. தன் வீரர்களை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்ற நிபந்தனைகளும் வேறு. ஆனால் நீங்கள் காட்டிய அந்த 5ஆம் பிரிவின் நெகிழ்ச்சிக்கு மருந்தே இந்தப் பன்னாட்டுக் கலவைதான். தன் வீரர்கள் சுடப்பட்ட பிறகு "தேவையென்று கருதும் நடவடிக்கை" என்னவென்று ஓர் அரசு நிதானமாக ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது.

தராசு

அந்த மருந்தை எந்த நேரத்திலும் எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020இல் ஜெர்மனியிலிருந்து சுமார் 12,000 அமெரிக்க வீரர்களை விலக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆட்சி மாறியதால் நடக்கவில்லை. 2025 அக்டோபரில் ருமேனியாவில் இருந்த ஒரு சுழற்சிப் படையணி திரும்பும்போது அதற்குப் பதில் வேறொன்று வராது என்று அமெரிக்கா தெரிவித்தது. நேச நாட்டுப் படை எல்லையில் நிற்பது ஒரு செய்தி என்றால், அது ஒரு காலையில் மூட்டை கட்டுவதும் ஒரு செய்தி. முன்பு நின்ற இடத்திலிருந்து விலகுவது, அங்கே ஒருபோதும் நிற்காததைவிட ஆபத்தான செய்தி. எனவே வந்து நிற்பதற்கு முன்பே எத்தனை ஆண்டு நிற்க மனம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஜெர்மனி நிரந்தரப் படையணி என்று அறிவித்ததில் எனக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும், இந்த ஒரு கோணத்தில் அது சுழற்சி முறையைவிட நேர்மையானது.

கடற்காகம்

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. எல்லையருகே படைகள் நிற்பது ஐரோப்பாவுக்குப் புதிதன்று. பனிப்போரில் இதைவிடப் பன்மடங்கு நின்றன. அன்று இல்லாத அளவுக்கு இன்று அஞ்ச வேண்டியிருப்பது, ஒருவரையொருவர் எண்ணிப் பார்க்கும் ஏற்பாடுகள் ஒவ்வொன்றாக இற்றுப்போனதால்தான்.

1990 நவம்பரில் கையெழுத்தான ஐரோப்பிய மரபுவழிப் படைகள் உடன்படிக்கை, அட்லாண்டிக் கடலிலிருந்து யூரல் மலைகள் வரை டாங்குகள், கவச வாகனங்கள், பீரங்கிகள், போர் விமானங்கள், தாக்குதல் ஹெலிகாப்டர்கள் ஆகியவற்றுக்கு உச்சவரம்பு வைத்தது. நேரில் சென்று எண்ணிப் பார்க்கும் உரிமையையும் தந்தது. 2007இல் ரஷ்யா அதை நிறுத்திவைத்தது. 2023 நவம்பர் 7 அன்று முற்றிலும் விலகியது. அதே நாளில் நேட்டோ நாடுகளும் தங்கள் பங்கை நிறுத்திவைப்பதாக அறிவித்தன. இடைத்தூர ஏவுகணை உடன்படிக்கையில் ரஷ்யாவின் மீறலைக் காரணம் காட்டி அமெரிக்கா விலக, அது 2019 ஆகஸ்டில் முடிவுக்கு வந்தது. ராணுவப் பயிற்சிகளை ஒருவருக்கொருவர் தெரிவிப்பதற்கான வியன்னா ஆவணத்தின்படி 9,000 வீரர்களுக்கு மேற்பட்ட பயிற்சியை 42 நாட்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். 13,000ஐத் தொட்டால் பார்வையாளர்களை அழைக்க வேண்டும். ஒரு பெரிய பயிற்சியைப் பல சிறு பயிற்சிகளாகப் பிரித்துக் காட்டி அந்த வரம்பை ஏய்க்கும் வழக்கம் வெகுநாளாக உண்டு. 2022 பிப்ரவரிக்கு முன் பெலாரூஸில் "பயிற்சி" என்ற பெயரில் குவிந்த படைகள் நேராகக் கீவ் நோக்கிச் சென்ற பிறகு, அந்த ஆவணத்தின் மதிப்பு என்னவென்று சொல்லத் தேவையில்லை.

2024இல் நேட்டோ நடத்திய 'ஸ்டெட்ஃபாஸ்ட் டிஃபெண்டர்' பயிற்சியில் சுமார் 90,000 பேர் பல மாதங்கள் பங்கெடுத்தார்கள். பனிப்போருக்குப் பிந்தைய மிகப் பெரிய பயிற்சி. 2025 செப்டம்பரில் ரஷ்யாவும் பெலாரூஸும் 'ஸாபத்' பயிற்சியை நடத்தின. அது தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, 9ஆம் தேதி இரவு, ரஷ்ய ட்ரோன்கள் போலந்து வான்வெளிக்குள் நுழைந்து சில சுட்டுவீழ்த்தப்பட்டன. ஆனால் அதே பயிற்சியின் ஒரு நாளில் அமெரிக்க ராணுவ அதிகாரிகள் பெலாரூஸில் பார்வையாளர்களாக நின்றார்கள். எனக்கு அந்த ஒரு படம் பத்து மாநாட்டு அறிக்கைகளைவிட முக்கியமாகப் பட்டது. எதிரியின் பயிற்சிக் களத்தில் நம் அதிகாரி ஒருவர் தொலைநோக்கியோடு நிற்கும்போது, அங்கே ஓடும் டாங்குகளின் எண்ணிக்கை ஒன்றும் குறைவதில்லை. ஆனால் அவை எங்கே போகப் போகின்றன என்ற ஊகம் குறைகிறது.

தராசு

இதில் எனக்கும் கடற்காகம் அவர்களுக்கும் வேறுபாடு இல்லை. எல்லைக்கல் அவர்கள் ஒத்துக்கொள்வாரா?

எல்லைக்கல்

பார்வையாளர்களை அனுப்புவதில் எனக்கு என்ன தடை? ஒன்றுக்கு மட்டும் உடன்பட மாட்டேன்: படையைக் குறைத்தால்தான் பார்வையாளரை அனுமதிப்போம் என்ற பேரம். 1990 உடன்படிக்கை பிறந்தபோது ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் நேட்டோ படைகள் பெரும் வலுவோடு நின்றிருந்தன. இரு தரப்பும் களைத்துப்போய், ஆனால் நேட்டோ தன் இடத்தைக் காலி செய்யாமல் இருந்தபோதுதான் எண்ணிக்கைக்கு உடன்பாடு வந்தது.

வடமீன்

நான் கேட்டதற்கு மேல் கிடைத்துவிட்டது. என் புதிரில் இரண்டு வாதமும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்றும், ஆனால் அவை வெவ்வேறு ஆயுதங்களைப் பற்றியவை என்றும் இப்போது தெரிகிறது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வில்னியஸ் படையணியைவிட எனக்குக் கவலை தரும் செய்திகள் வேறு. ஜெர்மனியில் 2026 முதல் டோமஹாக், எஸ்எம்-6, அதிவேக ஏவுகணைகள் ஆகியவற்றைத் தற்காலிகமாகத் தொடங்கிப் படிப்படியாக நிறுத்தும் திட்டத்தை 2024 ஜூலையில் அமெரிக்காவும் ஜெர்மனியும் அறிவித்தன. அதே ஆண்டு நவம்பரில் ரஷ்யா தன் ஒரேஷ்னிக் என்ற இடைத்தூர ஏவுகணையை உக்ரைனின் தினிப்ரோ நகர்மீது ஏவியது. டிசம்பரில், அதைப் பெலாரூஸில் நிறுத்த முடியும் என்று புதின் சொன்னார். 2025 ஆகஸ்டில், இடைத்தூர ஏவுகணைகளை நிறுத்துவதில்லை என்று தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு இனித் தன்னைக் கட்டுப்படுத்தாது என ரஷ்யா அறிவித்தது. இவற்றைப் பற்றித் தனி இழை தொடங்கலாமா, இங்கேயே தொடரலாமா?

கடற்காகம்

தனி இழையே நல்லது. தொடங்கும்போது ஒன்றை மட்டும் தலைப்பதிவில் சேர்த்துவிடுங்கள்: 1979 டிசம்பரில் நேட்டோ பெர்ஷிங் முடிவை எடுத்தபோது, நிறுத்தும் அறிவிப்போடு பேச்சுவார்த்தைக்கான அழைப்பையும் அதே தீர்மானத்தில் வைத்தது. 2024 ஜூலை அறிவிப்பில் அப்படி ஓர் அழைப்பு இல்லை. விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.